கண்ணாடியில் படியும் மூட்டம்: மாஸ்க் அணியும் மருத்துவப் பணியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்95 அணிந்து வார்டுக்குள் நிற்கும் செவிலியருக்கு, பேசப் பேச மூக்குக்கண்ணாடியில் மூட்டம் படிகிறது. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். முதல் தவறே இதுதான். மூச்சு மேல்நோக்கிக் கசிந்ததால்தான் கண்ணாடி மங்கியது. வெளியே போக வழி இருந்தால் உள்ளே வரவும் வழி இருக்கிறது. காற்று எப்போதும் எளிதான பாதையைத்தான் தேடும். இடுக்கு ஒன்று கிடைத்துவிட்டால், வடிகட்டியின் வழியாக ஏன் சிரமப்பட்டு நுழையப்போகிறது?

என்95 என்ற பெயரிலுள்ள 95, வடிகட்டும் பொருளுக்கான மதிப்பெண். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது தடுக்க வேண்டும். அந்த எண்ணை அப்படியே நம் முகத்துக்குப் பொருத்திப் பார்ப்பது பிழை. அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகளே இவ்வகை மாஸ்க்குக்குப் பத்து மடங்கு பாதுகாப்பைத்தான் கணக்கில் கொள்கின்றன. அதாவது, வெளிக்காற்றில் உள்ள துகள்களில் பத்தில் ஒரு பங்கு வரை உள்ளே வரலாம். இதுவும், முகத்தோடு இடுக்கின்றிப் படிகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையில் தேறிய மாஸ்க்கை அணிந்தவருக்கு மட்டும்.

அந்தச் சோதனையைச் சடங்காக நினைப்பவர்கள் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். தலையில் ஒரு கூடாரம் போன்ற உறையை மாட்டி, கசப்பு மருந்தைப் புகைபோல உள்ளே தெளிப்பார்கள். தலையைத் திருப்பி, குனிந்து நிமிர்ந்து, உரக்கப் பேசச் சொல்வார்கள். நாக்கில் கசப்பு தட்டினால், அந்த மாஸ்க் அந்த முகத்துக்கு ஆகாது. வேறு நிறுவனத்தின் மாஸ்க்கோ வேறு அளவோ வந்தால் மீண்டும் சோதிக்க வேண்டும். உடல் எடை நன்றாகக் கூடினாலும் குறைந்தாலும் அப்படியே. மாஸ்க் தோலோடு ஒட்டும் இடத்தில் தாடி இருந்தால் சோதனையே வீண். உள்ளே ஒரு சர்ஜிக்கல் மாஸ்க்கைப் போட்டு அதன்மேல் என்95 அணிவதும் இதே கணக்கில்தான் சேரும். கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது, விளிம்பைத் தோலிலிருந்து தூக்கிவிடுகிறது.

ஆண்டுக்கொரு சோதனை போதாது. ஒவ்வொரு முறை அணிந்ததும் மூக்குப் பட்டையை இரு கை விரல்களாலும் அழுத்தி, மாஸ்க்கை உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டு, விளிம்பில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து விநாடி வேலை.

சர்ஜிக்கல் மாஸ்க்கைக் குறை சொல்லவில்லை. ரத்தமும் எச்சிலும் தெறிப்பதைத் தடுக்கும். இருமும் நோயாளிக்கு அணிவித்தால் அறையின் காற்றில் கிருமி குறையும். ஆனால் காசநோய், தட்டம்மை, சின்னம்மை நோயாளிகளின் அறைக்குள் நுழைபவருக்கு, பக்கங்களில் திறந்து கிடக்கும் அந்த மாஸ்க் போதாது.

மாஸ்க்கைச் சல்லடையாக நினைப்பவர்களும் உண்டு. வைரஸ் 0.1 மைக்ரான்தானே, நுழைந்துவிடாதா என்று கேட்பார்கள். மிகச் சிறிய துகள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை; தள்ளாடி அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. இழைகளில் ஏற்றப்பட்டுள்ள மின்னூட்டமும் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. பொதுவாக வடிகட்டிகளுக்குப் பிடிக்க அதிகக் கடினமானவை என்று கருதப்படுபவை 0.3 மைக்ரானை ஒட்டிய துகள்கள். அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். சிக்கனம் கருதி என்95ஐச் சோப்பிலோ ஆல்கஹாலிலோ நனைத்தால் அந்த மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும், அதுதான் ஆபத்து.

2019இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், என்95 அணிந்தவர்களுக்கும் சர்ஜிக்கல் மாஸ்க் அணிந்தவர்களுக்கும் ஃப்ளூ ஏறத்தாழ ஒரே அளவில் வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று இதைக் காட்டி வாதிடுவது அவசர முடிவு. மூச்சுத்தொற்று உள்ள நோயாளியின் அருகில் இருக்கும்போது மட்டுமே அவர்கள் அணிய வேண்டியிருந்தது. ஓய்வறையில், சக ஊழியரோடு பேசும்போது, வீட்டில் வந்த தொற்றை எந்த மாஸ்க்கின் கணக்கில் எழுதுவது?

கழற்றும்போதும் கவனம் வேண்டும். முன்பக்கத்தைத் தொடாமல், கீழ்ப்பட்டையை முதலிலும் மேல்பட்டையைப் பிறகும் எடுக்க வேண்டும். அதுவும் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு. தட்டம்மைக் கிருமி, நோயாளி கிளம்பிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கலாம். ஆனால் படுக்கை காலியாகிவிட்டதே என்று, விரிப்பை மாற்ற வருபவருக்கு மாஸ்க் கொடுக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.