மாசிக் காலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

மாசிப் பனி புல் நுனியில் இருக்கும்போதே பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் விறுவிறுவென்று நடப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படி நடந்தால் பறந்துபோகும் பறவையின் முதுகுதான் மிஞ்சும். ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் காதுக்கு வரும், பிறகுதான் கண்ணுக்கு.

காதும் ஏமாறும். செம்பு தட்டுவதுபோல ஒரே சீராக 'டொக், டொக்' என்று கேட்டால், மரங்கொத்தி என்று நினைத்து அடிமரத்தைத் தேடுகிறார்கள். அது செம்மார்புக் குக்குறுவான். உடல் பச்சை, இலைக்குள் இருந்தால் தெரியாது. வெயில் காய மொட்டைக் கிளைக்கு வரும்போது பாருங்கள்: அலகைத் திறக்காமலே கூவும், ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை புடைத்து அடங்கும். தலையைத் திருப்பித் திருப்பிக் கூவுவதால்தான் சத்தம் மரம் மாறுவதுபோல இருக்கிறது.

குயிலிலும் இதே குழப்பம்தான். கூவுவது கறுத்த ஆண். 'கிக் கிக் கிக்' என்று கத்தும் புள்ளி போட்ட பழுப்புப் பறவையை வேறு இனமாகக் குறித்துக்கொள்கிறார்கள். அது பெண் குயில்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு வேறு. கூந்தன்குளத்திலோ வேடந்தாங்கலிலோ கூட்டைக் காட்டி, "வெளிநாட்டுப் பறவை இங்கே வந்து குஞ்சு பொரிக்குது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது. கூடு கட்டும் கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் நம் நாட்டுப் பறவைகள். வடக்கிலிருந்து வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து எல்லாம் இங்கே இரை தேடவும் குளிர்காலத்தைக் கழிக்கவும்தான் வருகின்றன, முட்டையிட அல்ல. விருந்தாளி கிளம்புகிற நேரமும் வீட்டுக்காரர் பிள்ளை வளர்க்கிற நேரமும் ஒன்றாக வருவதுதான் இந்தப் பருவத்தின் அழகு. எல்லாவற்றையும் விருந்தாளி என்று சொல்லிவிட்டால், கோடையில் அந்த ஏரி வற்றினாலும் யாருக்கும் உறைக்காது.

படத்துக்காகக் கூட்டை நெருங்காதீர்கள். தாய்ப்பறவை எழுந்து பறந்த சில நிமிடங்களில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், குஞ்சு வெயிலில் வதங்கும். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரை தேடும் நேரத்தை அது சண்டைக்குச் செலவழிக்கும்.

வந்த நாளைக் குறிக்கிறவர்கள் போன நாளைக் குறிப்பதில்லை. குளிர்காலம் முழுக்கத் தோட்டத்துச் சருகைக் கிளறி, விடியலிலும் அந்தியிலும் விசிலடித்த ஆறுமணிக்குருவி, கோடை முற்றுமுன் வடக்கே கூடு கட்டக் கிளம்பிவிடும். எது கடைசி விசில் என்று அன்றைக்குத் தெரியாது. கேட்கிற ஒவ்வொரு நாளும் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள்.