காலையில் மட்டும் குறையும் காய்ச்சல்

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டில் ஐயாவுக்கு வீட்டு நர்ஸாக இருக்கிறேன். நான்கு நாளாக ஒரு குழப்பம். நெற்றிக்கு நேரே பிடிக்கும் தெர்மாமீட்டர் காலை 8 மணிக்கு 96 காட்டும், சாயங்காலம் 100-ஐத் தாண்டும். "தொட்டா சுடுது, இது என்ன 96ங்குது?" என்று ஆச்சி கேட்டார்.

காலையில் உடம்புச் சூடு இயல்பாகவே குறைவுதான். ஆனால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 1 டிகிரி ஃபாரன்ஹீட், 4 அல்ல. பேட்டரி மாற்றினேன். வேறு கருவி வாங்கினேன். அதே கதை.

ஐந்தாம் நாள் கவனித்தேன். ஐயா குளித்ததும் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று பட்டையாகப் பூசுகிறார். நான் கருவியைப் பிடித்த இடத்தில் பட்டை இன்னும் ஈரம். அந்தக் கருவி மேற்பரப்பின் சூட்டைத்தான் படிக்கும். ஈரம் ஆவியாகும்போது நெற்றி குளிரும், சாம்பலும் தோலை மறைக்கும். சாயங்காலத்துக்குள் அது காய்ந்து உதிர்ந்துவிடும்.

திருநீற்றை அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் குளிக்கும் முன்பே பார்த்தேன்: 100.6. பூசிய பிறகு 96.4. உடனே அக்குளைத் துணியால் ஒற்றி, டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனி தோலில் படும்படி ஆழமாக வைத்து, கையை மார்போடு சேர்த்துப் பிடித்தேன். 99.8. அக்குளில் சற்றுக் குறைவாகத்தான் காட்டும், அதனால் சரி. டாக்டரிடம் சொல்லிவிட்டேன். இப்போது நேரத்தோடு "அக்குள்" அல்லது "நெற்றி" என்றும் நோட்டில் எழுதுகிறேன்.