லோடிங் அனிமேஷன்: பக்கத்தையே மறைத்துவிடும் தவறும் வேறு சிலவும்

புதிதாக வலைத்தளம் செய்கிறவர்களின் நிரலைப் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு அடிக்கடி வரும். லோடிங் அனிமேஷனில் ஒரு காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே பிழைகள் இன்றும் தொடர்கின்றன. ஸ்பின்னர் (காத்திருக்கும்போது சுற்றும் வட்டம்) சுற்றவில்லை, நிறம் பொருந்தவில்லை என்பதெல்லாம் கண்ணில் பட்டதும் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

## முழுப் பக்கத்தையும் மூடுவது

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. பக்கம் திறந்ததும் ஒரு வெள்ளைத் திரை எல்லாவற்றையும் மூடும், நடுவில் வட்டம் சுற்றும். விண்டோவின் லோட் நிகழ்வு, அதாவது பக்கம் முழுதும் வந்துவிட்டது என்று பிரவுசர் தரும் அறிவிப்பு, வந்த பிறகுதான் ஸ்கிரிப்ட் அந்தத் திரையை நீக்கும்.

அந்த நிகழ்வு எதற்கெல்லாம் காத்திருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை. படங்கள், ஸ்டைல்ஷீட்டுகள், ஸ்கிரிப்டுகள், ஐஃபிரேம்கள் (பக்கத்துக்குள் பதித்த வேறு பக்கங்கள்) எல்லாம் வந்து சேர வேண்டும். பக்கத்தின் அடியில் உள்ள ஒரு வரைபட ஐஃபிரேம் தாமதித்தால், மேலே தயாராக இருக்கும் தலைப்பும் பத்திகளும் மூடியே கிடக்கும்.

ஒரு தளத்தில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அரட்டைப் பெட்டிக்காகச் சேர்த்திருந்த வெளி ஸ்கிரிப்டின் சர்வர் பதில் தராமல் தொங்கியது. எச்டிஎம்எல் வந்துவிட்டது, படங்களும் வந்துவிட்டன. வந்தவர்கள் பார்த்தது சுற்றும் வட்டத்தை மட்டும். தளத்தின் சொந்த சர்வர் ஒழுங்காக ஓடியதால் கண்காணிப்பில் எந்த எச்சரிக்கையும் எழவில்லை. காத்திருந்தவர்கள் பேசாமல் போய்விட்டார்கள். யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதிய பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ஸ்கிரிப்டில் பிழை வந்து, நீக்கும் வரி ஓடாமல் போனால் இன்னும் மோசம். திரை போகவே போகாது.

கட்டுரைப் பக்கத்துக்கு இந்தத் திரை வேண்டவே வேண்டாம். பிரவுசர் வந்ததை வந்தபடி காட்டட்டும். தாமதமாக வரும் பகுதிக்கு மட்டும், அது வரப்போகும் இடத்திலேயே லோடர் வையுங்கள். திரை இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கிறார்களா? சரி, எச்டிஎம்எல் முழுதும் படிக்கப்பட்டதும் வரும் டாம்கன்டென்ட்லோடட் நிகழ்விலேயே அதை எடுத்துவிடுங்கள். அது படங்களுக்காகக் காத்திருக்காது. கூடவே, சில வினாடிகளில் திரை தானாக மறையும்படி சிஎஸ்எஸ் அனிமேஷன் ஒன்றையும் சேருங்கள். ஸ்கிரிப்ட் விழுந்தாலும் பக்கம் தெரியும்.

## வேண்டுமென்றே காக்க வைப்பது

அனிமேஷன் அழகாகத் தெரியட்டும் என்று செட்டைம்அவுட் போட்டு, தயாரான பக்கத்தைத் தாமதிக்காதீர்கள்.

## எடுத்த எடுப்பிலேயே ஸ்பின்னர் காட்டுவது

பயன்பாட்டு எளிமை நிபுணர் யாகோப் நீல்சன் 1993இல் சொன்ன எல்லைகள் இன்றும் உதவும்: 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனடியாகத் தோன்றும், 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 வினாடி தாண்டினால் கவனம் போய்விடும். சட்டென்று முடியும் வேலைக்கு ஸ்பின்னர் மின்னி மறைந்தால் கண்ணைத்தான் உறுத்தும். கொஞ்சம் பொறுத்து, பதில் வராவிட்டால் மட்டும் காட்டுங்கள். 10 வினாடிக்கு மேல் இழுக்கும் வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்று சொல்லும் பட்டை வேண்டும்.

## ஒப்பாசிட்டியை மட்டும் பூஜ்யமாக்குவது

ஒப்பாசிட்டி பூஜ்யமானால் திரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கேயே இருந்து கிளிக்குகளை விழுங்கும். டிஸ்ப்ளே நன் கொடுங்கள்.

## வெற்றி பெற்றால் மட்டும் நிறுத்துவது

ஃபெட்ச் (சர்வரிடம் தரவு கேட்கும் அழைப்பு) தோற்றுப்போனால் ஸ்பின்னர் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் வரி, வென்றாலும் தோற்றாலும் ஓடும் ஃபைனலிக்குள் இருக்க வேண்டும். அப்புறம், என்ன ஆயிற்று என்று ஒரு வரியும், மறுபடி முயல ஒரு பட்டனும் காட்டுங்கள்.