ஒரிஜினல் டிஸ்கை கேம் ஏன் ஏற்க மறுக்கிறது? காப்பித் தடுப்பைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைகளுக்கு வரும் பழைய கேம் டிஸ்குகளில் பல, வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல்தான். இருந்தும் இன்றைய லேப்டாப்பில் போட்டால் "சரியான டிஸ்கைப் போடவும்" என்று நின்றுவிடும். உடனே டிஸ்க் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள்; இல்லையென்றால் எங்கிருந்தோ ஒரு கிராக் ஃபைலை இறக்கி, கூடவே வைரஸையும் வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே வேண்டாம். அந்த கேம் எதைச் சோதிக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

டேட்டாவைக் காப்பி எடுப்பது எளிது. அதனால் காப்பித் தடுப்பு எப்போதும் டேட்டாவுக்கு வெளியே உள்ள ஒன்றைத் தேடும்: பெட்டியோடு வந்த காகிதம், டிஸ்கின் உடம்பில் வேண்டுமென்றே வைத்த ஒரு கோளாறு, அல்லது எங்கோ இருக்கும் ஒரு சர்வர். முதலில் பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பாருங்கள். 1995க்கு முன் என்றால் பெரும்பாலும் காகிதமோ ஃப்ளாப்பியோ. 1998 முதல் 2008 வரை என்றால் டிஸ்க். அதற்குப் பின் என்றால் சர்வர். 2007, 2008 வாக்கில் வந்தவற்றில் டிஸ்கும் சர்வரும் சேர்ந்தே இருக்கலாம்.

காகிதமும் ஃப்ளாப்பியும்

1990இல் பிசிக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஆடியவர்களுக்கு அந்த அறை நினைவிருக்கும். முதல் நிலை முடிந்ததும் வரிசையாகக் குடுவைகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல் என்று கேட்கும். அந்தச் சொல்லின் முதல் எழுத்துள்ள குடுவையைக் குடித்தால்தான் கதவு திறக்கும். இந்த வகை கேம் கைவசம் இருந்தால், டிஸ்கைவிடக் கையேடுதான் முக்கியம். எல்லாப் பக்கங்களையும் மொபைலில் படமெடுத்து வையுங்கள். 1989இல் வந்த சிம்சிட்டியின் குறியீட்டுத் தாள் கருஞ்சிவப்பு. ஜெராக்ஸ் போட்டால் முழுக்கக் கறுப்பாக வரட்டும் என்பதற்காகவே அந்த நிறம். அதைக் கலரில் படமெடுத்து, படத்திருத்தும் மென்பொருளில் சிவப்புச் சேனலை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள். தாள் வெளுத்து எழுத்து கறுப்பாகத் தெரியும்.

ஃப்ளாப்பியில் உள்ள தந்திரம் அழகானது. சாதாரண 1.44 எம்பி ஃப்ளாப்பியில் 80 டிராக் (வட்டப் பாதை), இரண்டு பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (பாதையின் ஒரு துண்டு), செக்டருக்கு 512 பைட். பாதுகாப்பு போட்ட ஃப்ளாப்பிகள் சிலவற்றில் ஓரிரு இடங்களில் காந்தப் பதிவு அரைகுறையாக இருக்கும்; ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வேறு வேறு மதிப்பு வரும். கேம் அதே செக்டரை இரண்டு முறை படித்துப் பார்க்கும். இரண்டு முறையும் ஒரே விடை வந்தால், அது காப்பி! காப்பி எடுக்கும் கருவி, தான் படித்த ஏதோ ஒரு மதிப்பை உறுதியாக எழுதிவிட்டது என்று அர்த்தம். அதனால் யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவை வைத்து இவற்றைச் சேமிக்க முயல்வது வீண். வழக்கமான அமைப்பு தவிர வேறெதுவும் அதற்குப் புரியாது. பழைய 34 பின் டிரைவை கிரீஸ்வீசல் அல்லது கிரையோஃப்ளக்ஸ் போர்டில் இணைத்து, காந்த மாற்றங்களையே நேராகப் பதிவு செய்ய வேண்டும்.

சிடியில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள்

விண்டோஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும் அமைப்பை இயக்கிவிட்டு டிஸ்கைத் திறந்து பாருங்கள். 00000001.டிஎம்பி என்ற ஃபைலும், சிஎல்சிடி16, சிஎல்சிடி32 என்ற டிஎல்எல்களும் இருந்தால் அது சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடுப்பின் தொடக்கப் பதிப்பு. லேசர்லாக் என்ற பெயரில் மறைந்த ஃபோல்டர் இருந்தால் காப்பித் தடுப்பு எது என்று பெயரே சொல்லிவிட்டது. சிஎம்எஸ்16, சிஎம்எஸ்_95, சிஎம்எஸ்_என்டி என்பவை செக்யூராம் என்ற இன்னொரு காப்பித் தடுப்பின் பழைய பதிப்பு. பிந்தைய செக்யூராமில் தனி ஃபைல் கிடையாது. கேமின் இஎக்ஸ்இக்குள்ளேயே கலந்திருக்கும், பிழைச் செய்தியின் தலைப்பில்தான் பெயர் தெரியும். கேமை நிறுவியதும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னால் ஸ்டார்ஃபோர்ஸ் என்ற காப்பித் தடுப்பின் டிரைவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு சிடி செக்டரில் மொத்தம் 2352 பைட். அதில் 2048 மட்டுமே நம் ஃபைல்கள். மீதியில் 12 பைட் ஒத்திசைவு, 4 பைட் முகவரி, 4 பைட் பிழை கண்டறிதல், 8 பைட் வெற்றிடம், 276 பைட் பிழை திருத்தம். இவற்றுக்குப் புறம்பாக ஒவ்வொரு செக்டரோடும் 96 பைட் துணைச்சேனல் ஓடுகிறது. டிஸ்கை ஒரே ஃபைலாக மாற்றும் சாதாரண ஐஎஸ்ஓ பிரதி எடுத்தால் 2048 மட்டும்தான் மிஞ்சும், மற்றதெல்லாம் உதிர்ந்துவிடும். காப்பித் தடுப்பு குடியிருப்பது அந்த உதிர்ந்த பகுதியில்தான்.

சேஃப்டிஸ்கின் முதல் பதிப்புகள் டிஸ்கின் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் பத்தாயிரமாவது செக்டருக்குள், படிக்கவே முடியாத செக்டர்களைத் திட்டமிட்டு வைத்தன. கேம் அந்த இடங்களைப் படித்துப் பார்க்கும். பிழை வர வேண்டிய இடத்தில் பிழை வந்தால் ஒரிஜினல். காப்பி எடுத்தவர் அந்த இடத்தைச் சுத்தமாக எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வார். இரண்டாம் பதிப்பில் வலுவற்ற செக்டர்கள் வந்தன: தொழிற்சாலை டிஸ்கில் சரியாகப் படிக்கும், ஆனால் அந்தப் பிட் வரிசையைப் பல ரைட்டர்களால் சரியாக எழுத முடியாது. பழைய செக்யூராம் துணைச்சேனலில் சில குறிப்பிட்ட இடங்களைக் கெடுத்து வைத்தது. ரைட்டர்கள் எழுதும்போது துணைச்சேனலைத் தாங்களே புதிதாக உருவாக்கிக்கொள்வதால் அந்தக் கெடுதல் திருந்திப்போகும், திருந்தியதே சாட்சி.

பிந்தைய செக்யூராமும் ஸ்டார்ஃபோர்ஸும் இன்னும் ஒரு படி மேலே போய் டிஸ்கின் வடிவத்தையே அளந்தன. ஒரு செக்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போக லேசருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டால், ஒரு சுற்றில் எத்தனை செக்டர் இருக்கிறது என்று தெரியும். அச்சில் வந்த டிஸ்குக்கும் கடையில் வாங்கிய வெற்று சிடிக்கும் இந்தச் சுருள் நெருக்கம் வேறு. டிரைவ் சில நொடிகள் வேகம் கூடிக் குறைந்து முனகுவது இந்த அளவெடுப்பின்போதுதான்.

ஒரிஜினல் டிஸ்க் மறுக்கப்படுவதற்கு இந்த அளவெடுப்பே அடிக்கடி காரணமாகிறது. வெளி யூஎஸ்பி டிரைவை ஹப் வழியாக இணைத்திருந்தால் நேரக் கணக்கு ஆடிப்போகும். ஹப்பை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரின் பின்புற போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டில் இணைந்த சாட்டா டிரைவ் இருந்தால் அதுவே நல்லது. விர்ச்சுவல் டிரைவ் மென்பொருள் நிறுவியிருந்தால் முழுதாக நீக்குங்கள். அது இருப்பதைப் பார்த்தாலே இந்த வகைக் காவல்கள் மறுத்துவிடும். ஆன்டிவைரஸ் கேமின் இஎக்ஸ்இயைத் தொட்டிருந்தாலும், யாராவது மொழிமாற்றப் பேட்ச் போட்டிருந்தாலும் ஃபைல் மாறவில்லையா என்று பார்க்கும் செக்சம் பொருந்தாமல் நிற்கும். ஒரிஜினல் இஎக்ஸ்இயைத் திரும்ப நிறுவிப் பாருங்கள். எல்லா கேமும் உடனே நிற்காது என்பதையும் கவனியுங்கள். 2001இல் வந்த ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட், காப்பி என்று நினைத்தால் ஆடவிடும். போகப் போகத் துப்பாக்கிக் குறி தவறும்.

விண்டோஸ் 10இல் சேஃப்டிஸ்க்

இது தனிக் கதை. டிஸ்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேஃப்டிஸ்க் கேம் விண்டோஸ் 10இலும் 11இலும் ஓடாது. அது நம்பியிருந்த செக்டிரைவ் என்ற டிரைவரில் 2007இல் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸ் 10இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு இடமே தரவில்லை. 2015 செப்டம்பரில் கேபி3086255 அப்டேட் வழியாக விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் நிறுத்தியது. விண்டோஸ் 7இல் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு எஸ்சி கட்டளை கொடுத்து அதை மறுபடி இயக்க முடியும். தொடக்க முறையை மாற்றும்போது சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். அதை விட்டுவிட்டுத்தான் பலர் கட்டளை வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஆடி முடித்ததும் டிரைவரை நிறுத்திவிடுங்கள். பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் இதைச் செய்யவே கூடாது.

எங்கள் பரிந்துரை வேறு. ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) கிடக்கும் 32 பிட் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்து, உள்ளேயே சிடி டிரைவ் பொருத்தி, இன்டர்நெட் இணைக்காமல் இந்த கேம்களுக்கென்றே வையுங்கள். 90களின் பல கேம்களுக்கு இன்ஸ்டாலர் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அது தொடங்கவே தொடங்காது. அந்தத் தொல்லையும் சேர்ந்தே தீரும். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் விர்ச்சுவல் மெஷினில் டிஸ்க் அளவெடுப்பு அடிக்கடி தவறிப்போவதால் அதை நம்ப வேண்டாம். இன்னொரு வழி: பல நிறுவனங்கள் தங்கள் கடைசிப் பேட்சில் டிஸ்க் சோதனையை நீக்கியிருக்கின்றன, முதலில் அதைத் தேடுங்கள். காப்பித் தடுப்பு இல்லாமல் பழைய கேம்களை விற்கும் ஜிஓஜி 2008 முதல் இயங்குகிறது. தள்ளுபடியில் அங்கே வாங்குவது, பல நேரம் இத்தனை பாட்டையும்விட மலிவு.

மழைக்கு முன் டிஸ்கைக் காப்பாற்றுவது

எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் லயத்து வீடுகளில் துணியே காயாது. டிஸ்க் மட்டும் தப்புமா? சிடியில் டேட்டா அடுக்கு இருப்பது லேபிளுக்கு நேர் கீழே. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறலும் பூஞ்சையும்தான் ஆபத்து. டிவிடியில் அந்த அடுக்கு நடுவில், 0.6 மி.மீ ஆழத்தில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். மூடி இறுகிய டப்பாவில், டிஸ்குகளை நிற்க வைத்து, சிலிகா ஜெல் போடுங்கள். நீல நிற மணி வெளிர்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். சுருளை ஒட்டி வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் ஒரே தொடரில் நீளமான டேட்டா போய்விடும். சிடியின் பிழை திருத்தம் முழுதாக மீட்பது சுருளின் நீளத்தில் சுமார் 2.5 மி.மீ வரைதான்.

சேமிப்புப் பிரதி எடுத்தால் 2352 பைட்டோடு 96 பைட் துணைச்சேனலும் சேர்த்து எடுங்கள். 74 நிமிடச் சிடியில் 3,33,000 செக்டர். செக்டருக்கு 2448 பைட் என்று போட்டால் ஏறத்தாழ 815 எம்பி இடம் வேண்டும். சேஃப்டிஸ்க் டிஸ்கைப் படிக்கும்போது தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் பிழை வந்து டிரைவ் மணிக்கணக்கில் தவிக்கும். பயந்து நிறுத்தாதீர்கள். பிழைகள் முன்பகுதியில் நெருக்கமாக இருந்தால் அது வடிவமைப்பு. டிஸ்க் முழுக்கச் சிதறி இருந்தால் கீறல்.

சர்வர் கேட்கும் கேம்கள்

2008இல் ஸ்போர் வந்தபோது மூன்று முறைதான் ஆக்டிவேஷன் செய்யலாம் என்றிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஐந்தாக்கினார்கள். இந்த வகை கேம் இருந்தால், விண்டோஸை ஃபார்மேட் செய்வதற்கு முன் ஆக்டிவேஷனைத் திரும்ப ஒப்படைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மதர்போர்டை மாற்றினாலும் புது கம்ப்யூட்டர் என்றே கணக்கு வைக்கும்.

2014இல் வந்த டெனூவோ என்ற காப்பித் தடுப்பு, கேமின் சில பகுதிகளை உருமாற்றி வைத்து, உங்கள் கம்ப்யூட்டரின் அடையாளத்துக்கு மட்டும் பொருந்தும் உரிமச்சீட்டை சர்வரிலிருந்து வாங்கும். சீட்டு கிடைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஆனால் கேம் அப்டேட் ஆனாலோ ஹார்ட்வேர் மாறினாலோ மறுபடி கேட்கும். நெட் போய்ப் போய் வரும் எஸ்டேட்டுகளில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: கம்பத்துக்கோ தேனிக்கோ போய் டவுன்லோடு செய்தால் அங்கேயே கேமை ஒரு முறை தொடங்கி மெனு வரை போங்கள். ஸ்டீமில் எல்லா அப்டேட்டும் முடிந்தபின் ஆஃப்லைன் முறைக்கு மாற்றிவிட்டு வீடு திரும்புங்கள். லினக்ஸில் ஆடுபவர்கள், விண்டோஸ் கேமை அங்கே ஓட்டித் தரும் புரோட்டானின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றும் தனிக் கம்ப்யூட்டராகக் கணக்காகும். ஒரு நாளுக்கு ஐந்துக்கு மேல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இன்டெல் 12ஆம் தலைமுறை சிப்பில் பழைய டெனூவோ கேம் சில நின்றுபோகும். இருவகை கோர்களை இரண்டு கம்ப்யூட்டராக நினைத்துக்கொள்வதுதான் காரணம். முதலில் கேமை அப்டேட் செய்யுங்கள். தீரவில்லை என்றால் பயாஸில் பழைய கேம் பொருத்த முறையை இயக்கி, ஆடும்போது ஸ்க்ரோல் லாக் பட்டனை அழுத்துங்கள்.

எதுவும் சரிவராமல் "சர்வரை அடைய முடியவில்லை" என்றே வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்டு போய் வந்ததும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, இணைப்பு மறுக்கப்படும். மூன்று வோல்ட் பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் போதும்.

கடைக்காரர்களுக்கு

பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52(1)(ஏஏ) பிரிவு, சட்டப்படி வைத்திருக்கும் மென்பொருளுக்கு அழிவிலிருந்து காக்கும் தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக இன்னொருவருக்குப் பாதுகாப்பை நீக்க உதவினாலும் அவருடைய பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றை முழுதாகப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதற்கென்று ஒரு நோட்டு போடுங்கள். ஒரிஜினல் டிஸ்கையும் பெட்டியையும் கண்ணால் பார்த்து, தேதியோடு எழுதி, வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.