தோட்டத்துச் சட்ட உதவி அலுவலகம்: பெயரும் திகதியும் பிசகாமல் வேலை செய்யும் வழி

இலங்கையின் மலையகத்தில் ஒரு சட்ட உதவித் திட்டம் நடக்கிறது என்றால் ஊருக்குத் தெரிவது சட்டத்தரணியும் கூட்டங்களும்தான். தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற ஒருவரின் காரியம் ஆகுமா ஆகாதா என்பதோ பெரும்பாலும் அலுவலக மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவரின் சேமலாப நிதி (வேலைக்காலச் சேமிப்புப் பணம்) கிடைக்காமல் கிடப்பதற்கு, அடையாள அட்டையில் மாரியாயி என்றும் செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) மாரியம்மா என்றும் இருப்பதே போதும். ஹற்றனுக்கோ பதுளைக்கோ ஒருமுறை வந்துபோனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகிறது, பஸ் காசும் போகிறது. ஆகவே அலுவலக உதவியாளராக, திட்ட உதவியாளராக வேலைக்குச் சேருகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது: ஒரு காரியத்துக்காக எவரும் இரண்டாம் முறை வீணாக வரக்கூடாது. கீழே சொல்வது எல்லாம் அதற்கான வேலைமுறை.

முதல் பதிவு

கணினி இருந்தாலும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி கட்டாயம் வேண்டும். மின்சாரம் போகிற நாளில்தான் ஆட்கள் அதிகம் வருவார்கள். பக்கங்களுக்கு முன்கூட்டியே இலக்கமிடுங்கள், பக்கம் கிழிக்காதீர்கள், பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையொப்பமும் திகதியும் இடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவேட்டை எந்த நீதிமன்றமும் நம்பாது. கோப்பு இலக்கத்தில் வருடம், தோட்டத்தின் சுருக்கம், தொடரிலக்கம் மூன்றும் இருக்கட்டும். பிரச்சினையின் வகையை இலக்கத்தில் சேர்க்காதீர்கள். ‘குடும்ப வன்முறை’ என்று குறிக்கும் எழுத்து கோப்பின் முதுகில் இருந்தால், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்பது தோட்டத்தின் வரிசை வீடு) அதை வாசித்துவிடுவார்.

பெயருக்கு ஒரு கட்டம் போதாது, நான்கு வேண்டும்: அழைக்கும் பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர், செக்ரோலிலும் சேமலாப நிதிப் பதிவிலும் உள்ள பெயர். சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் சிங்கள எழுத்திலேயே பாருங்கள், உங்கள் காதுக்குக் கேட்டபடி தமிழில் மாற்றி எழுதி அதை மூலமாக நினைத்துவிடாதீர்கள். தகப்பன் பெயர் முதலெழுத்தாக வந்திருக்கிறதா, முழுப் பெயராக வந்திருக்கிறதா என்று தனியாகக் குறியுங்கள். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கமும் இருக்கும். இரண்டும் உள்ளவருக்கு இரண்டையும் எழுதுங்கள். தோட்டம் கைமாறியிருந்தால் பழைய நிர்வாகத்தின் சேமலாப நிதி இலக்கம் வேறு, புதியதின் இலக்கம் வேறாக இருக்கலாம். இதைக் கேட்காமல் விட்டால் பாதிக் காசுக்கு மட்டும் விண்ணப்பம் போகும்.

பெயர் வேறுபட்டால் வழக்கமாகச் செய்வது சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து ஒப்பமிடும் எழுத்து) முடிப்பது. ஆனால் எல்லாவற்றுக்கும் சத்தியக் கடதாசி என்று ஓடக்கூடாது. எந்தக் கந்தோர் எதை ஏற்கும் என்று முதலில் தொலைபேசியில் கேட்டு, சொன்னவரின் பதவியையும் திகதியையும் கோப்பில் எழுதிய பிறகே ஆளை அனுப்புங்கள். சத்தியக் கடதாசியில் வேறுபடும் பெயர்களை ஒவ்வொன்றாக, எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். ‘இரண்டும் நானே’ என்று பொதுவாக எழுதியதுதான் அதிகமாகத் திரும்பி வருகிறது.

திகதிக் கட்டம்

ஒவ்வொரு கோப்பின் முதல் தாளிலும் வலது மேல் மூலையில் சிவப்பு மையில் ஒரு திகதி இருக்க வேண்டும்: இந்தக் காரியம் சட்டப்படி என்றைக்குள் செய்யப்பட வேண்டும்? அதைக் கணிப்பது சட்டத்தரணியின் பொறுப்பு. அவர் கண்ணுக்கு அது தப்பாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் போக வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக 1 மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. குழந்தை பிறந்து 3 மாதம் தாண்டினால் சாதாரணப் பதிவு முடியாது, காலம் கடந்த பதிவாகிவிடும். 5 வருடச் சேவை முடித்து விலகிய நாட்கூலித் தொழிலாளிக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் கூலி வீதம் பணிக்கொடை 30 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். 31ஆம் நாள் நினைவூட்டல் கடிதம் போக வேண்டும்.

இந்தத் திகதியைக் கோப்பில் மட்டும் வைத்தால் கோப்பு அலுமாரிக்குள் தூங்கும். சுவர் நாட்காட்டியில் கோப்பு இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், பெயரை எழுதாதீர்கள். ஒவ்வொரு காலக்கெடுவையும் இரண்டு முறை குறியுங்கள்: கெடுவுக்கு 14 நாள் முன்னும், 3 நாள் முன்னும். திங்கட்கிழமைக் காலையில் முதல் வேலை, அந்த வாரத்துக்கான குறிப்புகளைச் சட்டத்தரணியிடம் வாசித்துக் கையொப்பம் வாங்குவது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், அலுவலகத்துக்குப் பெரிய துணை. கடிதத்துக்குப் பதில் வராத இடத்தில் இதைப் பயன்படுத்துங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். கேள்வியைச் சுருக்கமாக, ஆவணத்தின் பெயரோடு கேளுங்கள்: ‘இந்தத் திகதியில் ஒப்படைத்த இந்த விண்ணப்பத்தின் மீது எடுத்த நடவடிக்கைப் பதிவின் பிரதி’. ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் விளக்கம் வரும், ஆவணம் வராது. கொடுக்கும் எந்தக் கடிதத்துக்கும் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்குவது மறக்கக்கூடாத பழக்கம். கடிதங்களைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் அரச கரும மொழி, பதிலையும் தமிழில் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.

முகவரி, தொலைபேசி, இரகசியம்

பல லயங்களில் வீட்டிலக்கம் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாரிடமோ கொடுத்தனுப்பப்படும். நீதிமன்ற அழைப்பாணை தவணை முடிந்த பிறகு கையில் கிடைப்பது இதனால்தான். அதனால் பதிவில் தோட்டம், டிவிசன், லயத்தின் அடையாளம், காம்பராவின் (லய அறையின்) வரிசை, அருகிலுள்ள கோயிலோ பிள்ளை மடுவமோ (குழந்தைகள் காப்பகமோ) என்று எழுதுங்கள். முக்கியக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிய அன்றே தொலைபேசியிலும் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு எதிரான காரியமாக இருந்தால், தோட்ட அலுவலகம் வழியாகக் கடிதமே போகக்கூடாது. பட்டணத்தில் நம்பகமான ஒரு கடையின் முகவரியை அந்த ஆளே தெரிந்தெடுத்துத் தரட்டும்.

குடும்ப வன்முறைக் காரியத்தில் ‘எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும்’ என்ற மூன்றையும் முதல் நாளே கேட்டு எழுதுங்கள். வீட்டுக்கு ஒரே தொலைபேசி இருந்து அது கணவன் கையில் இருந்தால், நீங்கள் நல்லெண்ணத்தில் எடுக்கும் ஓர் அழைப்பு அந்தப் பெண்ணுக்கு அடியாக முடியும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதையும், 1938 மகளிர் உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம் என்பதையும் வாயால் சொல்லி மனதில் பதியவையுங்கள். துண்டுப்பிரசுரம் வீட்டில் கண்ணில் பட்டாலே ஆபத்து. தாயின் வாக்குமூலத்தைப் பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கக் கூடாது. சிங்களம் தெரிந்த ஒரு பெண்ணை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள்.

கைது பற்றிய அழைப்பு தனி. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஓர் ஆதிக்குடி ஆள் காவலில் வைக்கப்பட்டால் பொலிஸார் உடனே ஆதிக்குடிச் சட்ட சேவைக்கு அறிவிக்க வேண்டும். அங்கே எந்த நேரமும் ஒரு சட்டத்தரணி தொலைபேசியில் இருப்பார். ஆதிக்குடியினர் காவலில் இறந்ததை ஆராய்ந்து 1991இல் அறிக்கையிட்ட அரச ஆணைக்குழுவின் பரிந்துரையிலிருந்து வந்த ஏற்பாடு அது. நம்மிடம் அப்படியொரு கட்டாயம் இல்லை, முதலில் அழைப்பது பெரும்பாலும் அக்காவோ அம்மாவோதான். ஆகவே இரவில் யாருடைய கையில் அலுவலகத் தொலைபேசி இருக்கும் என்ற பட்டியலை மாதத் தொடக்கத்திலேயே போடுங்கள். எடுப்பவர் எழுத வேண்டியது: ஆளின் பெயரும் வயதும், எந்தப் பொலிஸ் நிலையம், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், காயமோ நோயோ மருந்தோ உண்டா, என்ன மொழி பேசுவார். பிடித்த மணி மிக முக்கியம். பொதுவிதிப்படி 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், அந்தக் கணக்கு அங்கிருந்தே ஓடுகிறது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கும் முன் வாசித்து விளக்கும்படி கேட்கச் சொல்லுங்கள்.

மூல ஆவணங்களை அலுவலகத்தில் வைத்திருக்காதீர்கள். பிரதி எடுத்து அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். தவிர்க்க முடியாமல் வைத்தால், என்னென்ன வாங்கினோம் என்று இரட்டைப் பட்டியல் எழுதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுக்கும். கோப்புகளைத் தரைத் தட்டில் வைக்காமல், பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். கணினியில் யூனிகோட் எழுத்தையே பயன்படுத்துங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயரைப் பிறகு தேடினால் அகப்படாது, வேறு கணினியில் திறந்தால் எழுத்தே குழம்பிக் கிடக்கும்.

நடமாடும் சேவை நடத்துவது

பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சேமலாப நிதி மூன்றையும் ஒரே நாளில் தோட்டத்துக்குக் கொண்டுபோவதுதான் இந்த வேலையில் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் நிகழ்வு. 4 கிழமைக்கு முன் தொடங்குங்கள். முதலில் பிரதேச செயலாளருக்குக் கடிதம், மேலதிக மாவட்டப் பதிவாளருக்குப் பிரதி. அதே நாளில் தோட்ட முகாமையாளரிடம் மண்டபத்துக்கும் வேலை நேரச் சலுகைக்கும் எழுத்து மூல அனுமதி. தொழிற்சங்கத் தலைவர்மாரில் ஒரு சங்கத்துக்கு மட்டும் சொன்னால் மற்றச் சங்கத்தார் வரமாட்டார்கள். எல்லாத் தலைவர்மாருக்கும், மாதர் சங்கத்துக்கும், கோயில் கமிட்டிக்கும் ஒரே நாளில் சொல்லுங்கள். அறிவிப்பைப் பெரட்டுக்களத்தில் (வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் இடத்தில்) காலையில் சொன்னால் போய்ச்சேரும். ஒட்டிய நோட்டீஸ் மட்டும் போதாது.

திகதி குறிக்கும்போது சம்பள நாளையும் திருவிழாவையும் தவிருங்கள். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் வருடக் கடைசியில் மழை கடுமை. மண்சரிவால் பாதை மூடினால் உத்தியோகத்தர்கள் வரமுடியாது, ஆகவே மாற்றுத் திகதியை முதல் கடிதத்திலேயே கேட்டு வையுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் லயம் லயமாகப் போய் முன்பதிவு செய்யுங்கள். இதைத் தவிர்த்த நடமாடும் சேவைதான் ஆட்களை வெறுங்கையோடு அனுப்புகிறது. அடையாள அட்டைக்கு வயது 15 நிரம்பியிருக்க வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட முகாமையாளர் அத்தாட்சிப்படுத்தலாம், ஆகவே அவரது கையொப்பமும் முத்திரையும் அன்று கிடைக்குமா என்று உறுதி செய்யுங்கள். படம் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த கலையகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். தெரிந்த பையனின் கமராவில் எடுத்த படம் செல்லாது. காலம் கடந்த பிறப்புப் பதிவுக்குப் பாடசாலை விடுகைச் சான்றிதழ், கிளினிக் அட்டை, ஞானஸ்நானப் பதிவு, சாதகம் என்று கிடைப்பதையெல்லாம் வீட்டிலேயே தேடி எடுக்கச் சொல்லுங்கள். சேமலாப நிதிக்கு ஆண்கள் 55, பெண்கள் 50 வயது. உயிரோடிருப்பவருக்குக் ‘கே’ படிவம், இறந்தவரின் உரித்தாளருக்கு ‘எல்’ படிவம்.

100 பேருக்குத் திட்டமிட்டால், ஒவ்வொரு படிவத்திலும் தேவைக்கு மேல் கால்பங்கு வையுங்கள். எழுதும்போது கெட்டுப்போவது அவ்வளவு உண்டு. 2 கட்டு ஏ4 தாள், 20 நீலப் பேனா, கைநாட்டு வைப்போருக்கு 2 மைப்பெட்டி, துடைக்கத் துணி, பிரதி இயந்திரம், அதற்கு ஜெனரேட்டரும் எண்ணெயும், நீண்ட மின்கம்பி. மேசைகள் 5: வரவேற்பும் இலக்கத் துண்டும், ஆவணச் சரிபார்ப்பு, படிவம் நிரப்பல், சமாதான நீதவான், உத்தியோகத்தர். இரண்டாம் மேசையில் உங்களில் மிக நிதானமானவரை இருத்துங்கள். அங்கே பிழை பிடிபட்டால் அன்றைக்கே சரியாகும், ஐந்தாம் மேசையில் பிடிபட்டால் ஆள் திரும்பிப் போவார். தனியாகப் பேச விரும்புகிறவருக்குக் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். கைக்குழந்தைக்காரருக்கும் வயதானவர்களுக்கும் இலக்கம் பார்க்காமல் முதலிடம். எவரையும் ‘நீ, வா’ என்று கூப்பிடக்கூடாது. அம்மா, ஐயா, அக்கா, தம்பி என்றே அழையுங்கள். கந்தோர்களில் மரியாதைக் குறைவாகப் பேச்சு வாங்கிப் பழகியவர்கள் வருகிறார்கள், அது நம்மிடத்திலும் நடக்கக்கூடாது.

காசும் அறிக்கையும்

ஆட்டோக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் பில் தரமாட்டார்கள். இலக்கமிட்ட வவுச்சர் புத்தகத்தில் தொகை, காரணம், போன இடம், வாங்கியவரின் பெயர், கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை அன்றே எழுதி வாங்குங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதிய வவுச்சர்களைக் கணக்காய்வாளர் ஒரே பேனா நிறத்திலிருந்தே கண்டுபிடிப்பார்.

உதவி நிறுவனத்துக்கான அறிக்கையில் வந்தவர்களின் எண்ணிக்கையையும் முடிந்த காரியங்களின் எண்ணிக்கையையும் தனித்தனியே காட்டுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தது ஒரு கணக்கு, அட்டை கையில் வந்தது வேறு கணக்கு. இதற்காக நடமாடும் சேவை முடிந்து 60ஆம் நாளும் 120ஆம் நாளும் விண்ணப்பித்த ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்கும் பட்டியல் வேண்டும். படம் எடுத்து அறிக்கையில் போடுவதற்கு எழுத்து மூலச் சம்மதம் வாங்குங்கள். குடும்ப வன்முறை, சிறுவர் காரியங்களில் படமே வேண்டாம். தோட்டத்தின் பெயரையும் எழுதாமல் மாவட்டத்தை மட்டும் குறிப்பிடுங்கள். சிறிய டிவிசனில் ‘மூன்று பிள்ளைகளின் தாய்’ என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

கோப்பை மூடும்போது மூன்றைப் பாருங்கள்: மூல ஆவணங்கள் எல்லாம் திரும்பிப் போயினவா, முடிவு என்ன என்று அவருக்கு விளங்கும் மொழியில் சொன்னீர்களா, மேன்முறையீட்டுக்குக் கெடு இருந்தால் அதை எழுதிக் கொடுத்தீர்களா. பிறகு முதல் தாளில் மூடிய திகதியைப் போட்டு, சீ.ஆர். கொப்பியில் அதே வரிசையிலும் எழுதி, பூட்டுள்ள அலுமாரிக்கு மாற்றுங்கள். திறப்பு இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.