ஜிங்க் பை ஒன்றில் 21, இன்னொன்றில் 33: அணுவை எண்ணிப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கம், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைத் தண்ணீரில் நெல் வைக்கிறோம். நடவுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுவது வழக்கம். போன தடவை உரக்கடையில் ரெண்டு வகைப் பை இருந்தது, ஒன்றில் ஜிங்க் (துத்தநாகம்) 21 சதவீதம், இன்னொன்றில் 33. கூட வந்த அக்கா மகன் பத்தாவது படிக்கிறான். "பேர் ஒண்ணுதானே மாமா, நம்பர் ஏன் வேற?" என்றான். அன்று ராத்திரி அவனுக்குச் சொன்னதுதான் இது. வேதி வாய்பாடுகளை (ஒரு பொருளில் எந்த அணு எத்தனை என்று காட்டுகிற குறியீடு) வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் சறுக்குகிற இடம். துத்தநாகத்தின் குறியீடு இசட்என். எழுத்து ரெண்டு, அணு ஒன்றுதான். குளோரினுக்கு சிஎல், அதுவும் அப்படித்தான். இதை மனசில் வைத்துக்கொண்டால் ஜிங்க் ஆக்சைடு, இசட்என் ஓ, 2 அணு (காலமைன் லோஷனில் இருப்பது இதுதான்). ஜிங்க் குளோரைடு, இசட்என் சிஎல்2, 3 அணு. எழுத்துக்குக் கீழே உள்ள சின்ன எண் அதற்கு முன்னால் நிற்கிற அணுவுக்கு மட்டும், எண் இல்லாவிட்டால் ஒன்று. ஜிங்க் கார்பனேட், இசட்என் சிஓ3, 1+1+3, மொத்தம் 5.

அடைப்புக்குறி வந்தால் வெளியே இருக்கிற எண் உள்ளே உள்ள எல்லாவற்றையும் பெருக்கும். ஜிங்க் நைட்ரேட், இசட்என் (என்ஓ3)2. நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6, துத்தநாகம் 1, ஆக 9. பையன் ஆக்சிஜனை மட்டும் பெருக்கிவிட்டு நைட்ரஜனை அம்போவென்று விட்டுவிட்டான்.

வாய்பாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, இணைதிறனை (எத்தனை பிணைப்பு போடும் என்கிற எண்) மாற்றிப் போட்டால் போதும். துத்தநாகத்துக்கு 2, பாஸ்பேட்டுக்கு 3, குறுக்கே மாற்றினால் இசட்என்3 (பிஓ4)2. அணுக்கள் 3+2+8, மொத்தம் 13. இது தண்ணீரில் கரையாத சரக்கு. ஒரு வருஷம் நானே வேலை மிச்சம் என்று நினைத்து டிஏபியையும் (பாஸ்பேட் உள்ள உரம்) ஜிங்க் சல்பேட்டையும் ஒரே பக்கெட்டில் கரைத்தேன், பால் திரிந்த மாதிரி வெள்ளையாக அடியில் படிந்துவிட்டது. ரெண்டையும் சேர்த்துப் போடாதே என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, பைக்கு வருவோம். 21 போட்ட பையில் இருப்பது இசட்என் எஸ்ஓ4, அப்புறம் நடுவில் ஒரு புள்ளி, அப்புறம் 7 எச்2ஓ. அந்தப் புள்ளி பெருக்கல் குறி இல்லை, படிகத்தோடு 7 தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். முன்னால் நிற்கிற 7 எச்2ஓ முழுவதையும் பெருக்கும்: ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 7. சல்பேட்டின் 4 சேர்ந்தால் ஆக்சிஜன் 11. கந்தகம் 1, துத்தநாகம் 1. கூட்டினால் 27 அணு. 33 போட்ட பையில் ஒரே ஒரு தண்ணீர்தான், அதனால் இசட்என் எஸ்ஓ4-க்கு 6, தண்ணீருக்கு 3, வெறும் 9 அணு.

எடை போட்டால் விஷயம் வெளிச்சமாகும். அணு எடை துத்தநாகம் 65.4, கந்தகம் 32, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1. ஏழு தண்ணீர் உள்ளது 287.4 வரும், அதில் துத்தநாகம் 22.8 சதவீதம். ஒரு தண்ணீர் உள்ளது 179.4, அதில் 36.5. பையில் அச்சடிப்பது குறைந்தபட்ச அளவு, அதனால் கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது. ரெண்டு பையிலும் ஒரு மூலக்கூறுக்கு ஒரே ஒரு துத்தநாகம்தான், முதல் பையில் நாம் தண்ணீரைச் சேர்த்துச் சுமந்து வருகிறோம், அவ்வளவுதான்.

அதனால் 33 சதவீதப் பை வாங்கினால் 10 கிலோ கணக்கை அப்படியே போடாதீர்கள். 10 கிலோவில் 21 சதவீதம் என்றால் 2.1 கிலோ துத்தநாகம், அதே அளவு கிடைக்க இதில் சுமார் 6.4 கிலோ போதும். விலையையும் மூட்டைக்கு மூட்டை பார்க்காமல் இந்தக் கணக்கில் ஒப்பிட்டு வாங்குங்கள்.