மீன் வண்டி: டீசலா, பெட்ரோலா?
பாம்பனில் மீன் ஏற்றி மதுரைக்கு ஓடும் பிக்கப் என்றால் டீசல்தான், யோசிக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட சுமார் 10 சதவீதம் ஆற்றல் கூடுதல். பாரத்தோடு இழுக்கவும் தோதானது.

கரைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் மட்டும் போய்வரும் குட்டி வண்டிக்குப் பெட்ரோலே போதும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால்தான் அந்தக் கரி எரியும். கொஞ்ச தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். உடனே மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரை நிறுத்தாமல் ஒரு ஓட்டம் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால், மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.

அப்புறம், எந்த வண்டியானாலும் பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் சேஸிஸைத் தின்றுவிடும். இறக்கி முடித்ததும் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடியுங்கள்.